வளவு வீடுகளில் பெரியவர்கள் பயமில்லாமல் புழங்க

வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஒரே வளவுக்குள் நாலைந்து குடும்பங்கள் இருப்பது சாதாரணம். முற்றம், குழாயடி, கக்கூஸ் எல்லாம் பொது. அதனால் பெரியவர்களுக்காகச் செய்யும் மாற்றங்களின் செலவையும் பேசிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

1. வாசலில் சாய்தளம் போடுவதானால், படி உயரம் ஓர் அங்குலத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். அரையடிப் படிக்கு ஆறடி. "மூணடி போதும்" என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்தச் செங்குத்தில் சக்கர நாற்காலியை இறக்கும்போது பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுத்துவிடும். பூச்சை வழவழவென்று தேய்க்காமல், ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். இடமே இல்லையா? உயரமான படியை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் பிடித்து ஏற ஒரு இரும்புக் குழாய் நட்டுவிடுங்கள்.

2. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால், உள்ளே தள்ளும் கதவைத் திறக்கவே முடியாது.

3. கக்கூஸ் சுவரில் கைப்பிடிக் கம்பியை இரண்டே முக்கால் அடிக்கும் மூன்றடிக்கும் நடுவில் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. வீட்டிலேயே கனமானவர் இழுத்துப் பார்த்த பிறகு பெரியவரை விடுங்கள்.

4. குத்தவைக்க முடியாதவருக்காகத் தரையை உடைக்க வேண்டாம். நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி மெடிக்கல் கடையில் கிடைக்கும். இருக்கிற கோப்பைக்கு மேலேயே வைக்கலாம்.

5. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாயடி பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் தூவி, அரை மணி நேரம் கழித்துத் தென்னந்துடைப்பத்தால் தேயுங்கள். ஆசிட்டை அதோடு சேர்க்கவே கூடாது, நச்சுப்புகை வரும்.

6. படி விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தால் கண்புரை உள்ளவருக்கும் படி தெரியும். கக்கூஸ் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு எல்.இ.டி. பல்பு எரியட்டும். கரண்ட் பில் யார் கட்டுவது என்ற சண்டையில்தான் பல வளவுகள் இருட்டாகக் கிடக்கின்றன!

7. நடையில் பைக் நிறுத்தினாலும் மூன்றடி வழி விடுங்கள்.

8. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாகத் தரும் மத்திய அரசுத் திட்டம் 2017 முதல் இருக்கிறது. பெயர் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா. விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567; கட்டணம் கிடையாது.