இரட்டைப் படி இருந்தாலும் கவனம் வேண்டும்



பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு சேமிப்பகங்களில் பதிந்து வைக்கின்றன. மும்பை தேசியப் பங்குச் சந்தைக்குச் சென்னையில் மாற்று நிலையம் உண்டு. ஆனாலும் 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதாகி, சேமிப்பகமும் முடங்கியது. முற்பகல் 11.40க்கு நின்ற வியாபாரம் பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. படி இருந்தால் மட்டும் போதாது. அதை ஆளும் வழியும் சீராக இருக்க வேண்டும் என்பதை நாம் இதில் அறிகிறோம்.

இ.எம்.சி. நிறுவனத்தின் சிமெட்ரிக்ஸ் போன்ற சேமிப்பகங்களில் 'கேட்கீப்பர்' என்ற சிறு வட்டு இருக்கும். அதில் கணக்கு இராது. கணிப்பொறி இடும் கட்டளையைச் சேமிப்பகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் வேலை. அதை நீக்கும் முறை:

1. அதைப் பயன்படுத்தும் மென்பொருளை முதலில் நிறுத்த வேண்டும்.

2. கட்டளைக்கு வேறொரு வட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் சாவியைத் திரும்ப வாங்குமுன் மாற்றுச் சாவியைத் தேடுகிறோம் அல்லவா?

3. வட்டின் எண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டும். எண் மாறினால் கணக்கு வட்டே போய்விடும்.

4. பிறகே கணிப்பொறியிலிருந்தும், கடைசியாகச் சேமிப்பகத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும்.

ரங்கே கவுடர் வீதி மளிகைக் கடைக்கும் இப்பாடம் பொருந்தும். இரட்டை வட்டில் ஒரு பில்லை அழித்தால் இரண்டிலும் அழியும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். ஆகவே எந்த வட்டைக் கழற்றுவதானாலும், முன்னதாகத் தனிப்படி ஒன்று எடுத்து, திறந்து பார்த்து, கடைக்கு வெளியே பத்திரப்படுத்துவோம்.