எர்த் இல்லாத கிரைண்டர், பில் இல்லாத வழக்கு

கேள்வி: குற்றாலம் வாசகர் ஒருவரின் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அம்மா காலத்துக் கிரைண்டரைத் தென்காசிக் கடை ஒன்றில் கொடுத்து, மோட்டாருக்குக் காயில் கட்டி, புது ஒயரும் போட்டு வாங்கினார். சாரல் நாளொன்றில் ஈரத் தரையில் நின்று மாவு அரைத்த அவர் மனைவிக்கு ஷாக் அடித்தது; விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. பில் இல்லை, பணம் ஜிபேயில் போனது. நடந்து ஒரு வருடம் பத்து மாதம் ஆகிறது. கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம் இருவரிடமும் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: நிறுவனத்தை விட்டுவிடலாம். பல காலம் உழைத்து, மோட்டாரும் ஒயரும் மாறிவிட்ட இயந்திரத்தில் தயாரிப்புக் குறை இருந்ததென நிரூபிப்பது மிகக் கடினம்.

கடைக்காரர் விஷயம் வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 85-இன்படி, ஒரு பொருளுக்குச் சேவை செய்பவரின் குறைபாடான வேலையாலோ, தர வேண்டிய எச்சரிக்கையைத் தராததாலோ தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பு. ஆகவே வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: கடையிலிருந்து திரும்பிய அன்று கிரைண்டரின் இரும்பு உடலுக்கு எர்த் இணைப்பு இருந்ததா?

மூன்று கம்பி ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பி ஒயரைப் போட்டால் மோட்டார் ஓடும், மாவும் அரையும். உள்ளே கசிவு ஏற்படும் நாளில்தான் வினை. மின்சாரம் எர்த் வழியே போகாமல், தொட்டவர் உடல் வழியே ஈரத் தரைக்கு இறங்கும்.

இதற்கான முதல் சாட்சி கடைக்காரர் போட்ட அந்த ஒயர். அதைத்தான் வாசகர், பக்கத்து எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்! பில் கேட்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை. கடைக்காரர் "பார்க்கலாம்ணே" என்று சொல்லியே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார், வாசகரும் காத்திருந்திருக்கிறார். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 69 காத்திருக்காது. இரண்டு வருடத்துக்குள் புகார் பதிவாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்கத் தக்க காரணம் வேண்டும். "பேசிக்கொண்டிருந்தோம்" என்பது எடுபடும் என்று நம்ப முடியாது.

மிச்சம் இருப்பவை: பணம் போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், மின் அதிர்ச்சி என்று குறித்த மருத்துவமனைப் பதிவு, ஒயரைக் கழற்றியவரின் பிரமாணப் பத்திரம். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. வீட்டு பிளக் பாயிண்ட்டிலேயே எர்த் உண்டா, கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏன் இல்லை என்று கேட்கும். தகுதிச் சான்று பெற்றவரைக் கொண்டு வீட்டு வயரிங்கைச் சோதித்து, அறிக்கை வாங்கி வைப்பது நல்லது. கிரைண்டரை இனி யாரும் திறக்கக் கூடாது.

புகாரை மனைவி பெயரிலேயே, குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. பெண் என்பதால் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவிக்கும் அவர் தகுதி பெறுகிறார், தொலைபேசி 15100.

இது பொதுவான விளக்கம்தான். கடிதத்தை மட்டும் நம்பி வெற்றி தோல்வி சொல்ல இயலாது. அசல் காகிதங்களுடன் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.