ஒடிந்த கொளுக்கியும் ஓயாத கணினியும்

வாவிக்கரையில் வாழும் நாம், எக்கருவி பழுதுற்றாலும் உப்புக்காற்றின் மீது பழிசுமத்துவது வழக்கம். பழைய மாணவர் பெயரேட்டைத் தாங்கிய எமது கல்லூரிக் கணினி, இயக்கிய சில நிமிடங்களில் அணைந்தபோதும் அவ்வாறே எண்ணினோம். திறந்து பார்த்தபோது குற்றவாளி வேறு.

அது 2001இல் வெளிவந்த 478 ஊசிச் சொக்கற்றில் பொருந்தும் பென்ரியம் 4. செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் ஹீற்சிங்கை, பிளாஸ்ரிக் சட்டமொன்றின் கொளுக்கிகளே இறுகப் பிடிக்கின்றன. பல்லாண்டுச் சூட்டினாலும் இழுவிசையினாலும் அவற்றுள் ஒன்று ஒடிந்திருந்தது. ஒரு மூலை தளர்ந்தால் போதும். செயலி சூடேறித் தன் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாதாயின் கணினி அணைந்துவிடும்.

ஒட்டிவிடலாமே என்பர் சிலர். ஒட்டு அவ்விழுவிசையைத் தாங்காது. கழிக்கப்பட்ட வேறொரு கணினியின் சட்டத்தைப் பெற்றோம்.

கழற்றுங்கால் அவசரம் ஆகாது. ஹீற்சிங்கை நேரே இழுப்பின், காய்ந்த பசை செயலியையும் சொக்கற்றிலிருந்து பிடுங்கிவிடும். அதன் ஊசிகள் வளைந்தால் பெருந்தொல்லை. ஆதலின் கணினியைச் சற்றே இயக்கிப் பசையை இளக்கி, மின்னிணைப்பை நீக்கியபின் மெல்லத் திருகி எடுத்தோம். பலகையை வெளியிலெடுத்து, சட்டத்தின் நான்கு ஆப்புகளையும் அடியிலிருந்து தள்ளி உருவினோம். மாற்றுச் சட்டத்தைப் பொருத்தி, பழம்பசையை மதுசாரத்தால் துடைத்து, புதுப்பசை சிறு துளியளவே இட்டோம். விசிறியின் வயரைச் சொருக முதலில் மறந்தோம் என்பதையும் மறைப்பானேன்!

கணினி அணையவில்லை, பெயரேடும் திறந்தது. அன்றே அதனைப் பிறிதோரிடத்திற் பிரதிசெய்து வைத்தோம்.