செல்போன் கோபுரம் ஏன் சூடாகிறது?

கேள்வி: எங்கள் தெரு செல்போன் கோபுரத்தில் இரவுபகலாக மின்விசிறி ஓடுகிறது. அலையை அனுப்ப இவ்வளவு சூடு அவசியமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சூட்டின் பெரும்பங்கு, அலையை வலுவாக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருடையது. அது 100 வாட் வாங்கி 40 வாட்டை அலையாக்கினால், மீதி 60 வாட் வெப்பம்தான்.

புதுச்சேரி வானொலியின் எஃப்.எம். ஒலிபரப்பில் இந்தச் சிக்கல் குறைவு. எஃப்.எம். அலையின் வீச்சு மாறாது. அதிர்வெண் மட்டுமே மாறும். எனவே ஆம்ப்ளிஃபையரை எப்போதும் முழுத் திறனில் ஓட்டலாம். 4ஜி அலையின் வீச்சோ கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். உச்சம் சிதையாமல் இருக்க ஆம்ப்ளிஃபையரைப் பெரிதாக வைக்கிறார்கள். பெரும்பாலான நேரம் அது தன் சக்திக்கு வெகு கீழே ஓடி, மின்சாரத்தை வீணாக்குகிறது.

இதற்கு 1936-லேயே வழி சொன்னவர் பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி. இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள்; ஒன்று எப்போதும் உழைக்கும், மற்றது உச்சத்தில் மட்டும் கைகொடுக்கும். அன்று ஏ.எம். வானொலிக்காக வந்த இந்த முறைதான் இன்று செல்போன் கோபுரங்களில் பரவலாக இருக்கிறது. காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களும், சிதைவை முன்கூட்டியே ஈடுசெய்யும் டிஜிட்டல் திருத்தமும் அதற்குத் துணை.

சூடு குறைந்தால் மின்கட்டணம் குறையும். மின்தடையின்போது பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். 2011-ல் தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதன் அருமை தெரியும்.