பொட்டுக்கடலை அளவு போதும்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால், அதன் கூடவே குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டும் வந்துவிடுகிறது. உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட், கை கொடுத்தால் ஒரு பிஸ்கட், பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையால் இன்னும் இரண்டு. எல்லாரும் பிரியமாகத்தான் கொடுக்கிறார்கள். கணக்குப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். மூன்று கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 கலோரி தேவை. ட்ரீட் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஆக, 48 கலோரி. ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டிலேயே 20 முதல் 25 கலோரி இருக்கிறது. இரண்டு பிஸ்கட்டோடு அன்றைய அளவு தீர்ந்துவிடும்.

அதே 48 கலோரிக்கு, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி முப்பது கிராம் கொடுக்கலாம். பொட்டுக்கடலை அளவுக்குக் கிள்ளினால் அறுபது துண்டுக்குக் குறையாது. அறுபது முறை குட்டியைப் பாராட்டலாம். துண்டு சிறிதாக இருக்கிறதே என்று குட்டி ஒருபோதும் வருத்தப்படுவதில்லை. எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் அதற்கு முக்கியம்.

நாயின் நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் சுமார் 1,700. மனித நாக்கில் கிட்டத்தட்ட 9,000. மூக்கின் கதை தலைகீழ். அதனால் ட்ரீட் வாசனையால்தான் குட்டியை இழுக்க வேண்டும். மென்மையும் வேண்டும். கெட்டியான பிஸ்கட்டைக் கடித்தால் துகள் சிதறும். பிறகு குட்டிக்குத் தரையை மோந்து பொறுக்குவதே வேலையாகிவிடும், சொன்ன சொல் மறந்துவிடும். செய்த காரியத்துக்கும் கிடைத்த தீனிக்கும் நடுவே ஓரிரு நொடிக்கு மேல் போனால் இரண்டையும் குட்டியால் இணைக்க முடியாது. மொட்டை மாடியில் சிறுநீர் கழித்த குட்டியைக் கீழே கூட்டி வந்து, டப்பாவைத் திறந்து, பிறகு கொடுக்கும் வீடுகள் நிறைய. அங்கே குட்டி கற்றுக்கொள்வது, படியிறங்கி வந்தால் தின்னக் கிடைக்கும் என்பதை மட்டும்தான். ட்ரீட் மாடிக்கே, சட்டைப் பையில் போக வேண்டும்.

எல்லாக் குட்டிக்கும் ஒரே தீனி பொருந்தாது. லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எதைக் கொடுத்தாலும் அது தின்னும். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மரபணுக் காரணத்தைக் கண்டார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்வதில் பங்குள்ள பிஓஎம்சி மரபணுவின் ஒரு பகுதி இல்லை. உதவி நாய்களாகப் பழக்கப்பட்ட லாப்ரடார்களில் இந்தக் குறை முக்கால்வாசிக்கு இருந்தது. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் குணமும், எளிதில் பருத்துவிடும் உடம்பும் அதற்குச் சேர்ந்தே வாய்த்திருக்கின்றன. அந்தக் குட்டிக்குத் தனி ட்ரீட் தேவையே இல்லை என்பது என் கருத்து. அன்றைய உலர் தீவனத்திலிருந்து ஒரு பிடி எடுத்துவைத்து, அதையே ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம்.

சிப்பிப்பாறை வேறு ரகம். கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய் அது. வெளியே போனதும் கறியைக்கூட மதிக்காத சிப்பிப்பாறைக் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துணிச் சுருளைத் தரையோடு இழுத்து ஓடினால் அதே குட்டி பாய்ந்து வரும். அந்த ஓட்டமே அதற்குப் பரிசு. தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டுக் குட்டியோ, கூடப்பிறந்தவற்றோடு போட்டி போட்டுத் தின்று பழகியது. விரலோடு கவ்வப் பார்க்கும். விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டினால் பல் படாது.

இடத்துக்கு ஏற்பவும் தீனி மாற வேண்டும். கூடத்துக்குள் உலர் தீவனமோ கேரட் துண்டோ போதும். ஆட்டோ ஹாரனும் காக்கைக் கூட்டமும் உள்ள தெருவில் அது எடுபடாது. முள் நீக்கிய வேகவைத்த மீன், கோழி ஈரல், அவித்த முட்டை எல்லாம் அங்கேதான். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. அதனால் எப்போதாவது கொஞ்சம். கறி சமைக்காத வீடுகளுக்கு உப்புச் சேர்க்காத பனீர் அருமையான வழி. எந்தப் புதுத் தீனியானாலும் ஒன்றைக் கொடுத்து இரண்டு நாள் மலத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

அடுப்படியிலேயே ஆபத்தும் இருக்கிறது. குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்தாலும் அந்த நஞ்சு போகாது, ஊறிய சாறு கழுவினாலும் முழுதாக வராது. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் பதிவாகியிருக்கிறது. கருவாட்டு வாசனைக்குக் குட்டி மயங்கும், ஆனால் அத்தனை உப்பு அதற்கு ஆகாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிடால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே சரித்துவிடக் கூடியது. இவற்றில் எதைத் தின்றிருந்தாலும் வாந்தி வரட்டும் என்று காத்திராமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தடுப்பூசி நாளுக்கு மட்டும் துண்டு உதவாது. நக்கித் தின்பதுதான் உதவும். வேகவைத்து மசித்த பரங்கிக்காயை ஒரு சிறு தட்டில் தடவிக் கொண்டுபோய், ஊசி இறங்கும் நேரத்தில் மூக்கருகே பிடிக்கலாம். முதல் நாலு மாதத்துக்குள் பல முறை ஊசி போட வேண்டியிருப்பதால், மருத்துவர் மேசை பயமில்லாத இடமாகப் பழகுவது பெரிய காரியம்.

சென்னை வெயிலில் வெந்த கறி சீக்கிரம் கெட்டுவிடும். நாளுக்கு ஒரு சின்ன டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்து, வெளியே கொண்டுபோனதில் மீந்ததைக் கொட்டிவிடலாம். நான்காவது மாதவாக்கில் பால்பற்கள் விழத் தொடங்கி ஈறு நோகும்போது, துண்டுகளைச் சற்றுக் குளிரவைத்துக் கொடுத்தால் குட்டி விரும்பித் தின்னும். எலும்பு மட்டும் வேண்டாம்.