வாடகை வீடும் வணிகரின் நாணயமும்



நம் முன்னோர் இந்நாட்டில் கடை வைத்த காலத்தில் கடையே வீடாகவும் இருந்தது. கீழே வியாபாரம், மேலே பாய் விரித்துப் படுக்கை, குடும்பமோ ஊரில். வீடு தேடி அலையும் தொல்லை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று நிலைமை அப்படியன்று. மனைவி மக்களோடு இங்கேயே வாழ்கிறோம். பிள்ளைகளுக்கு நிக்காஹ் முடித்துத் தனிக் குடித்தனம் வைக்கிறோம். ஆகவே, அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பது நம்மில் பலருக்கும் நேரும் காரியம். அதில் நமக்கு எதிர்ப்படும் ஒரு தடையைப் பற்றியதே இப்பாடம்.

கோலாலம்பூரில் நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் 22 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறார். யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவரல்லர். அவர் வாடகைக்கு வீடு கேட்கப் போனபோது, "உங்கள் கடன் அறிக்கையைக் கொண்டு வாருங்கள்" என்றார் தரகர். எடுத்துப் பார்த்தால் கடன் பகுதி வெறுமையாக இருந்தது. அவர் வங்கியில் கடன் வாங்கியதே இல்லை, கடன் அட்டையும் இல்லை, சரக்குக்கெல்லாம் ரொக்கம். வீட்டுக்காரர் வேறொருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். "கடன் வாங்காதது ஒரு குற்றமா?" என்று அவர் நம் கடை வாசலில் நின்று கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. அதன்பின் நாலு பேரிடம் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அறிக்கை என்பது என்ன?

பேங்க் நெகாராவிடம் "சிசிரிஸ்" என்னும் பதிவு 2001 முதல் இருந்து வருகிறது. வங்கிகளில் நாம் வாங்கிய கடன் எவ்வளவு, நிற்கும் பாக்கி எவ்வளவு, கடந்த 12 மாதங்களில் எந்த மாதம் கட்டினோம், எந்த மாதம் தவறினோம் என்பதெல்லாம் அதில் ஏறியிருக்கும். நம் கடைப் பற்று வரவு ஏட்டைப் போன்றதுதான். இவர் நல்லவர், இவர் கெட்டவர் என்ற தீர்ப்பு அதில் கிடையாது. ஊரார் அதைக் "கறுப்புப் பட்டியல்" என்பது சரியன்று. நம் பதிவை நாமே கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் அந்த ஏட்டைத் தாமே திறக்க முடியாது. ஆனால், 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற தனியார் நிறுவனங்கள் உள்ளன, சி.டி.ஓ.எஸ். அவற்றில் ஒன்று. நாம் சம்மதம் கொடுத்தால், கடன் விவரத்தோடு வழக்கு விவரங்களையும் சேர்த்து அவை அறிக்கை தரும்; 300 முதல் 850 வரை மதிப்பெண்ணும் இடும். ஆகவே, வீடு தேடப் புறப்படுமுன் நம் அறிக்கையை நாமே முதலில் பார்த்துவிட வேண்டும். பிழை இருந்தால் கடன் கொடுத்த வங்கியிடம் சொல்லித் திருத்தக் கேட்கலாம்.

பதிவே இல்லாதவர்

அந்தச் சகோதரரின் கேள்விக்கு விடை இதுதான்: கடன் வாங்காதது குற்றமன்று, சாட்சி வைக்காததே குறை. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. மதரஸாவில் அதை ஓதினோம். கடைக்கு வந்து மறந்தோம்.

வங்கிப் பதிவு இல்லாதவரிடமும் வேறு சாட்சிகள் உண்டு. வியாபாரப் பதிவுச் சான்று, வருமான வரிக்குக் கொடுத்த "பாரம் பி" நகல், ஆறு மாத வங்கிக் கணக்கு, தம் பெயரில் வந்த மின்சார, தண்ணீர்ப் பில்கள், சரக்கு தரும் மொத்த வியாபாரியின் கடிதம் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டுக் கொண்டுபோக வேண்டும். கல்லாப் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் வங்கியில் கட்டிவரும் பழக்கத்தை இன்றே தொடங்கினால், ஆறு மாதத்தில் அதுவே ஒரு சாட்சியாகும்.

நம் சகோதரர் அடுத்த வீட்டுக்கு என்ன கொண்டு போனார்? கடை வாடகை கட்டிய ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கிக் கொண்டுபோய் வைத்தார். வீட்டுக்காரர் சிறிது நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "22 வருஷம் ஒருவருக்கு வாடகை தவறாதவர் எனக்கும் தவறமாட்டார்" என்று சாவியைக் கொடுத்தார். வெற்று அறிக்கை சொல்லாததைக் கம்பி ரசீது சொல்லிற்று.

பதிவு கெட்டவர்

இது வேறு வகை. இன்னொரு சகோதரர், உறவினர் வேன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டார். உறவினர் தவணையை நிறுத்திவிட்டார். வழக்கு இவர் பெயருக்கும் வந்தது. வீடு கேட்கப் போனவர் அதை மறைத்தார். அறிக்கை வந்ததும் தரகர் முன் தலைகுனிந்து நின்றார். கெட்டுப்போன பதிவைவிட, மறைத்ததே அவரைப் பொய்யராகக் காட்டிற்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடனிலிருந்து அல்லாஹ்விடம் அதிகமாகப் பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்ற கருத்தில் விடை அளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வந்துள்ளது. கடன் நம்மைப் பொய்க்குத் தள்ளும் இடம் இதுவே. ஆகவே, கேட்குமுன் சொல்லிவிட வேண்டும்: "இன்ன கடன், இன்ன காரணம், இன்ன தேதியிலிருந்து இவ்வளவு கட்டி வருகிறேன், இதோ ரசீது." தவறாமல் கட்டி வந்தால், அந்த 12 மாதக் கட்டங்களில் பழைய தவறுகள் கழிந்து புதிய மாதங்கள் ஏறும். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006 இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் நிலையத்தில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

ஜாமீன் பற்றியும் ஒரு வார்த்தை. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்க முன்வராதபோது, அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்றார்கள்; அதன்பின்பே தொழுகை நடந்தது. ஜாமீன் என்பது இவ்வளவு கனமான சொல். முகத்தாட்சணியத்துக்காக இடும் கையெழுத்தன்று.

முன்பணமும் பத்திரமும்

இங்கே பொதுவான வழக்கம், இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கு, முதல் மாத வாடகை முன்னதாக. வாடகை 1,500 வெள்ளி என்றால் 3,000, 750, 1,500 ஆக மொத்தம் 5,250 வெள்ளி கையில் வேண்டும். பதிவு சரியில்லாதவர் இன்னும் ஒரு மாதம் கூடுதலாக வைக்கச் சம்மதிக்கலாம். அதில் இழுக்கு இல்லை. நபி (ஸல்) அவர்களே வாற்கோதுமைக்காகத் தம் கவசத்தை அடைமானம் வைத்தவர்கள்தாம். ஆனால், இந்தப் பணத்துக்காக ஆலோங்கிடம் போகக்கூடாது. வட்டி ஹராம் என்பதோடு, வீடு கிடைக்குமுன்பே குடி கெட்டுவிடும். வாடகையைக் குறைத்துச் சிறிய வீடு பார்ப்பது மேல்.

"அறிக்கையே வேண்டாம், உடனே பணத்தைப் போடுங்கள், சாவி பிறகு" என்பவரிடம் எச்சரிக்கை தேவை. இடர்ப்பட்டவரைத் தேடியே ஏமாற்றுவோர் வருகிறார்கள். தரகரின் பதிவு எண்ணைச் சரிபார்க்காமலும், வீட்டை உள்ளே சென்று பாராமலும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கலாகாது.

உடன்படிக்கையை எழுதிக் கையெழுத்திட்டபின் 30 நாளுக்குள் முத்திரை இட வேண்டும். முத்திரை இல்லாத பத்திரம் வழக்கு மன்றத்தில் சாட்சியாக நிற்காது. வாடகையை வங்கி வழியாகவே கட்டுங்கள். அடுத்த வீட்டுக்கு அதுவே நற்சான்று. பாக்கி விழுந்தாலும், நீதிமன்ற உத்தரவின்றி வீட்டுக்காரர் குடியிருப்பவரை வெளியேற்ற 1950 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அதைக் கேடயமாக வைத்துக்கொண்டு வாடகை கொடாமல் இருப்பது முஸ்லிமின் வேலையன்று.

நம் கடமை

கடைசியாக, நமக்கே ஒரு சொல். நம்மில் பலர் முதலாளிகள்; சிலர் வீட்டுக்காரர்கள். கடைப் பிள்ளைக்குச் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, சம்பளச் சீட்டும் சேமநிதியும் இல்லாமல் விட்டால், நாளை அவன் எதைக் காட்டி வீடு கேட்பான்? அவனுடைய வெற்றுத் தாளுக்கு நாமே காரணமாகிறோம். வீட்டுக்காரராக இருப்பவர், அறிக்கை வெறுமை என்பதற்காக ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புமுன், வேறு சாட்சி உண்டா என்று ஒருமுறை கேட்கட்டும். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் தருவதைத் திருமறை சிறப்பித்துச் சொல்கிறது.

நாணயம் நெஞ்சில் இருந்தால் அல்லாஹ் அறிவான். தாளிலும் இருந்தால்தான் வீட்டுக்காரர் அறிவார். இரண்டையும் நமக்குத் தந்து, கடனின் இழிவிலிருந்து நம் அனைவரையும் வல்ல நாயன் காப்பானாக. ஆமீன்.