எழுத்தைச் செதுக்கிய கணிப்பொறியாளர்

நூலொன்றைக் கையில் எடுத்தவுடன் நாம் அதன் பொருளையே நோக்குகின்றோம். அப்பொருளைத் தாங்கி நிற்கும் எழுத்துகளின் வடிவை நோக்குவோர் சிலரேயாவர். எனினும், எழுத்து நெருங்காமலும், சொற்களுக்கிடையே வெளி மிகாமலும் அச்சிட்ட பக்கத்தைப் படிக்கும்பொழுது கண்ணுக்குக் களைப்புத் தோன்றுவதில்லை. அங்ஙனம் அமையாத பக்கமோ நல்ல பொருளையும் கசக்கச் செய்கின்றது. தம் நூலின் அச்செழில் கெட்டது கண்டு வருந்தி, எழுதிக்கொண்டிருந்த பெருநூலை இடையில் நிறுத்திவைத்துப் பத்தாண்டுக் காலம் எழுத்து வடிவங்களோடு போராடினார் கணிப்பொறி அறிஞர் ஒருவர். அவர் பெயர் டொனால்டு கனூத்.

கனூத் 1938-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள் அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். கணக்குப் பதிவியல் கற்பித்தவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் என்னும் குழலிசைக் கருவியை வாசிப்பார். சிறிய அச்சுத் தொழிலொன்றும் நடத்தி வந்தார். இசையும் அச்சும் மகனுக்கு இளமையிலேயே வீட்டில் கிடைத்த செல்வங்களாயின.

அவர் எட்டாம் வகுப்பில் படித்தபொழுது மிட்டாய் நிறுவனமொன்று போட்டி ஒன்றை அறிவித்தது. அந்நிறுவனத்து மிட்டாயின் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துகளை மட்டும் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்கலாம் என்பதே போட்டி. சிறுவர் கனூத் வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு கிழமை பள்ளிக்குச் செல்லாமல் இருந்து, பேரகராதி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டார். மாணவர்களே, வயிற்றுவலிச் சூழ்ச்சியை நீங்கள் பின்பற்ற வேண்டா. அவர் கையாண்ட முறையை மட்டும் நோக்குக. அப்பெயரில் சி, எஃப், எம் முதலிய எழுத்துகள் இல்லை. ஆகவே அவ்வெழுத்துகளில் தொடங்கும் பக்கங்களை அவர் புரட்ட வேண்டிய தேவையே எழவில்லை. எஞ்சிய பக்கங்களை வரிசையாக ஆராய்ந்து ஏறத்தாழ 4,500 சொற்களைத் திரட்டினார். நடுவர் ஆயத்தமாக வைத்திருந்த பட்டியலிலோ சற்றேறக்குறைய 2,500 சொற்களே இருந்தன! பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், வகுப்பு மாணவர் அனைவருக்கும் மிட்டாயும் பரிசாகக் கிடைத்தன. வேண்டாதவற்றை முதலிலேயே விலக்கிவிட்டு வேண்டியவற்றை மட்டும் தேடும் அத்திறமே பிற்காலத்தில் அவர் கற்பித்த கலையின் ஒரு கூறாயிற்று.

இசை பயில்வதா, இயற்பியல் பயில்வதா என்று தயங்கிய அவர், 1956-இல் கிளீவ்லாந்து நகரத்துக் கேஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் மாணவராகச் சேர்ந்து, பின்னர்க் கணிதத்துக்கு மாறினார். அங்கே ஐ.பி.எம். 650 என்னும் கணிப்பொறி ஒன்று இருந்தது. மாணவர் தாமே அதனை இயக்கிப் பார்க்க அக்கழகம் இசைவு தந்திருந்தது. அந்நாளில் இஃது அரிய பேறாகும். பொறியோடு வந்த கையேட்டிலிருந்த நிரல்களைப் படித்த இளைஞர், 'இவற்றினும் செம்மையாக நான் எழுத இயலும்' என்று எண்ணினார், எழுதியும் காட்டினார். நிரல் என்பது, இன்னதன்பின் இன்னது செய்க எனப் பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் ஒழுங்கான வரிசை. கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வெற்றிக்கு எவ்வளவு துணை செய்தனர் என்று மதிப்பிடும் நிரல் ஒன்றையும் அவர் இயற்றினார். செய்தி இதழும் தொலைக்காட்சியும் அதனைப் பாராட்டின. இதற்கிடையில், 1957-இல் நகைச்சுவை இதழொன்றில் வேடிக்கையான அளவை முறை ஒன்றை எழுதி 25 டாலர் ஊதியம் பெற்றதும் உண்டு. 1960-இல் அவர் இளநிலைப் பட்டம் பெற்றபொழுது, அவரது ஆற்றலைக் கண்ட ஆசிரியர் குழுவினர் முதுநிலைப் பட்டத்தையும் உடன் வழங்கினர். பின்னாளில் தம் பெருநூலை எந்த மனிதருக்கும் அன்றி, அந்த 650-ஆம் பொறிக்கே அவர் உரிமையாக்கினார் என்பது நினைக்கத்தக்கது.

அதன்பின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி செய்து 1963-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். மாணவராய் இருக்கும்பொழுதே பரோஸ் என்னும் நிறுவனத்துக்கு நிரல் எழுதித் தந்தும் அறிவுரை வழங்கியும் பொருள் ஈட்டினார். 1962-இல் பதிப்பகத்தார் ஒருவர் நூலொன்று எழுதித் தருமாறு வேண்ட, கனூத் பன்னிரண்டு இயல்களை வகுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். கைப்படி 3,000 பக்கங்களாக வளர்ந்துவிட்டது! ஒரு நூல் ஏழு தொகுதிகளாக விரிந்தது. 'கணிப்பொறி நிரலாக்கக் கலை' எனப்படும் அந்நூலின் முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. 1974-இல், தம் முப்பத்தாறாம் வயதில், கணிப்பொறியியலின் தலைசிறந்த பரிசாகிய டூரிங் விருதை அவர் பெற்றார். அப்பொழுது அவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்.

இந்நிலையில்தான் இடையூறு வந்தது. முதற்பதிப்புகள் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டவை. பின்னர்ப் பதிப்பகத்தார் அம்முறையைக் கைவிட்டு ஒளியச்சு முறைக்கு மாறினர். 1977-இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகள் வந்தபொழுது கனூத் அவற்றைக் கண்டு திடுக்கிட்டார். எழுத்துகள் பொலிவிழந்து நின்றன. 'இத்தகைய வடிவில் என் நூல் வெளிவருவதாயின் இனி எழுதவே வேண்டா' என்னும் அளவுக்கு அவர் உள்ளம் சோர்ந்தது. ஆனால், ஏறத்தாழ அதே காலத்தில், புதுவகைப் பொறியொன்று அச்சிட்ட பக்கங்களை அவர் கண்டார். அப்பொறி ஒவ்வோர் எழுத்தையும் மிக நுண்ணிய புள்ளிகளால் ஆக்கியது. எவ்விடத்தில் புள்ளி வேண்டும், எவ்விடத்தில் வேண்டா என்பதே அங்கு வினா. ஒன்று, சுழி என்னும் இரண்டே விடைகள். அஃதாயின் அது நிரலாளர் தீர்க்கவேண்டிய சிக்கலன்றோ? ஓராண்டில் முடித்துவிடலாம் என்று கருதி அவர் அதில் இறங்கினார்.

அவர் ஆக்கிய நிரலின் பெயர் டெக். கலை, தொழில்நுட்பம் ஆகிய இரண்டையும் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். கலையையும் தொழிலையும் ஒரே சொல்லால் குறித்த மக்களின் நுண்ணறிவு எனக்குப் பெரிதும் உவப்பளிக்கின்றது. அந்நிரல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பெட்டியாகக் கருதும். சொற்களுக்கு இடைப்பட்ட வெளியை நீளவும் சுருங்கவும் வல்ல பசையாகக் கருதும். பொதுவாக ஒருவர் வரியை நிரப்பும்பொழுது, ஒரு வரி நிறைந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். முன்வரியில் செய்த ஒரு சிறு சிக்கனம் பின்வரியில் பெரும் இடைவெளியாய் வந்து விழுவதை அவர் முன்னரே அறியார். பக்கத்தின் ஓரம் வந்ததும் எழுத்துகளை நெருக்கி எழுதும் மாணவரும் இத்தகையரே! டெக்கோ அவ்வாறு செய்வதில்லை. ஒரு பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி, எங்கெங்கே வரியை முறித்தால் பத்தி முழுவதும் செம்மையாய் அமையும் என்று கணக்கிட்ட பின்னரே முறிக்கும்.

எழுத்துகளின் வடிவை வரைவதற்கு மெட்டாஃபாண்ட் என்னும் வேறொரு நிரலையும் அவர் படைத்தார். அதில் 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்து அவரைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. மேலே ஒரு புறமும் கீழே மறுபுறமும் வளைந்து, நடுவில் தடித்துச் செல்லும் அக்கோட்டைக் கணித முறையில் வகுக்க அவர் நாட்கணக்கில் உழன்றார். அவர் மனைவியார் தாளை எட்டிப் பார்த்து, "இதனை எஸ் வடிவாகவே வரைந்துவிடலாகாதா?" என்று கேட்டாராம். இறுதியில் அவ்வெழுத்து வசப்பட்டது. அதனைப் பற்றி மட்டுமே அவர் ஒரு கட்டுரையும் எழுதினார்.

ஓராண்டு என எண்ணிய பணி பத்தாண்டுக்கு மேலும் நீண்டது. பெருநூலின் அடுத்த தொகுதிக்குக் காத்திருந்தோர், காலம் வீணாயிற்று என்று குறை கூறினர். அக்குறையை முற்றும் புறக்கணித்தல் இயலாது; இழந்த ஆண்டுகள் இழந்தனவே. ஆயினும் அந்நிரலை அவர் விலைக்கு விற்காமல் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். கணித நூல்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அதனால் அழகுற அச்சேறின. தனியொருவர் நூல் தள்ளிப்போனதனால் பல்லாயிரவர் நூல்கள் செம்மையுற்றன. இக்கொடுக்கல் வாங்கலில் உலகமே ஊதியம் பெற்றது என்பது என் கருத்து.

பிழை காட்டுவோரிடம் சினம் கொள்ளும் ஆசிரியர் உண்டு. கனூத் தம் நூலில் பிழை காட்டுவோருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசளித்தார். 256 என்பது இரண்டை எட்டு முறை பெருக்கக் கிடைக்கும் எண், கணிப்பொறியாளர்க்கு உகந்தது. அவருடைய கையொப்பமிட்ட காசோலையைப் பெற்றோர் பலர் அதனைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிவைத்தனர். வங்கி மோசடிகளின் காரணமாக, 2008 முதல் காசோலைக்கு மாற்றாகக் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழை அனுப்பலானார். டெக்கின் பதிப்பு எண்ணும் விந்தையானது. திருத்தந்தோறும் 3.14, 3.141 என வட்டத்தின் பை மதிப்பை நோக்கி அது வளரும். தாம் மறைந்த பின்னர் அதன் பதிப்பு எண் பை என்றே நிலைபெற வேண்டும் என்பதும், அதன்பின் எவரும் அதில் திருத்தம் செய்யலாகாது என்பதும் அவர் விருப்பம்.

தந்தையார் தந்த இசையை அவர் கைவிடவில்லை. தம் இல்லத்திலேயே குழல்கள் நிறைந்த ஆர்கன் ஒன்றை அமைத்து வாசித்தார். அவர் இயற்றிய நெடிய ஆர்கன் இசைப்படைப்பு, அவருக்கு 80 வயது நிறைந்த நாளாகிய 2018 ஜனவரி 10-இல் சுவீடன் நாட்டுப் பீத்தியோ நகரில் அரங்கேறியது. விவிலிய ஆய்விலும் ஈடுபட்டு 1991-இல் ஒரு நூல் வெளியிட்டார். மின்னஞ்சலை மட்டும் 1990 ஜனவரி முதல் நாளோடு அறவே நிறுத்திவிட்டார். ஒன்றில் ஆழ்ந்து நீண்ட நேரம் உழைக்க வேண்டியவர்க்கு அது தடை எனக் கருதியதே காரணம். மடல் எழுத விரும்புவோர் அஞ்சலில் எழுதலாயினர்.

நிறுத்திவைத்த பெருநூலை அவர் மீண்டும் கையிலெடுத்தார். நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011-இலும், அடுத்த பகுதி 2022-இலும் வெளிவந்தன. இவ்விரு பகுதிகளும் சேர்ந்தும், 1962-இல் வகுத்த பன்னிரண்டு இயல்களுள் ஏழாவது இயல் நிறைவெய்தவில்லை.